தூக்கத்தை விரட்டும் மாத்திரை புகையை விரட்டுமா?

புகைப்பழக்கத்தை விட முயன்று தோற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். சிகரெட்டுக்காக ஏங்கியதைப் பற்றிச் சொல்வதற்கு முன்பாகவே, தலை வேலை செய்ய மறுத்ததைப் பற்றித்தான் பலரும் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் புகைத்தவன் என்ற முறையில் எனக்கும் அந்த அனுபவம் உண்டு. முதன்முறை விட்டபோது தேர்வுக் காலம். விடைத்தாள் கட்டைப் பிரித்து அமர்ந்தேன். ஒரே விடையை மூன்று முறை படித்தும் பத்துக்கு நான்கா, ஆறா என்று முடிவெடுக்க இயலவில்லை. கண்ணில் தூக்கம் இல்லை; ஆனால், விழித்திருப்பதாகவும் தோன்றவில்லை. நான்காம் நாள் பிற்பகலில் எழுந்து, தெருமுனைப் பெட்டிக்கடைக்கு நடந்தேன். மாலைக்குள் கட்டு முழுவதும் திருத்தி முடிந்துவிட்டது. பழக்கத்தை உண்மையாகவே விடுவதற்கு அதன் பிறகு ஆறு ஆண்டுகள் ஆயின.

ஆகவே, 'நிகோடினை விட்டவர்களைத் தோற்கடிப்பது இந்த மந்தநிலைதான் என்றால், விழிப்பைத் தரும் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?' என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள் என்பதைப் படித்தபோது, அந்தக் கேள்வி எனக்கு மிக இயல்பானதாகவே பட்டது. அந்தச் சோதனையின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. மோடாஃபினில் என்ற அந்த மருந்து உதவவில்லை. உதவாத ஒரு மருந்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். உதவாது என்று தெரிந்துகொள்வதற்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது பொருளியல் படித்தவனுக்கு முக்கியமான கேள்வி. புகையை விட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

முதலில் நிகோடினைப் பற்றிச் சிறிது. இழுத்த புகையிலிருந்து அது சில நொடிகளில் மூளையை அடைகிறது. அங்கே அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருளுக்கென அமைந்துள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக டோபமைன் சுரக்கிறது. 'இது நல்லது, மீண்டும் செய்' என்று மூளைக்குப் பாடம் கற்பிக்கும் பொருள் டோபமைன். நாளொன்றுக்குப் பத்து சிகரெட், சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் பாடம் ஒரு நாளில் நூறு முறை நடத்தப்படுகிறது. எந்த ஆசிரியரும் இவ்வளவு விடாப்பிடியாக எதையும் கற்பித்ததில்லை.

நிறுத்தியவுடன் மூளை தன் பழைய சமநிலைக்குத் திரும்பத் தடுமாறுகிறது. எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, கவனச்சிதறல், இரவில் கெட்ட தூக்கம், பகலில் அசதி, அதிகப் பசி ஆகியவை முதல் நாளிலேயே தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு வாரங்களில் மெல்ல அடங்கும். எந்த உதவியும் இல்லாமல் தாமாகவே நிறுத்துபவர்களில், ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை எளிதாகப் பழித்துவிடுகிறோம். வேலைக்குப் போக வேண்டிய ஒருவன், கணக்கு எழுத வேண்டிய ஒருவன், வண்டி ஓட்ட வேண்டிய ஒருவன் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடப்பது என்று நாம் கேட்பதில்லை.

இனி மோடாஃபினில். 1970-களில் பிரான்சின் லஃபோன் ஆய்வகத்தில் தொடங்கிய ஆய்வில் கிடைத்தது இது. பகலில் கட்டுக்கடங்காமல் தூக்கம் வந்து கவிழும் நார்கோலெப்சி என்ற நோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, தூக்க ஆய்வில் பெரும்புகழ் பெற்ற லியோன் நகர விஞ்ஞானி மிஷெல் ஜூவே. அமெரிக்காவில் செஃபலான் என்ற நிறுவனம் 'புரோவிஜில்' என்ற பெயரில் விற்க 1998 டிசம்பரில் அனுமதி பெற்றது. 2004-இல் இரவுப்பணியாளர்களின் தூக்கக் கோளாறுக்கும், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயினருக்கு எஞ்சும் பகல் தூக்கத்துக்கும் அனுமதி விரிவாக்கப்பட்டது. ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கமருந்துகளைப் போல உடலைப் படபடக்கச் செய்யாமல் விழிப்பை மட்டும் தருகிறது என்பதே இதற்குக் கிடைத்த நற்பெயர். அந்த நற்பெயர் முழு உண்மை அல்ல என்பது பின்னர் தெரிந்தது. நோரா வால்கோவ் தலைமையில் நடந்து 2009-இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வு, நலமான ஆண்களிடமும் மோடாஃபினில் டோபமைனைக் கூட்டுகிறது என்று காட்டியது. அதுவும் எல்லாப் போதைப்பொருள்களும் சென்று தொடுகிற மூளைப் பகுதியிலேயே கூட்டுகிறது.

நிகோடினுக்கு முன்பே கோகெய்னுக்கு இம்மருந்தைச் சோதித்திருந்தார்கள். அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 62 கோகெய்ன் அடிமைகளை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மோடாஃபினில் உட்கொண்டவர்களின் சிறுநீரில் கோகெய்னின் தடயம் குறைவாகக் காணப்பட்டது. நம்பிக்கை பிறந்தது. கோகெய்னை விட்டவனுக்கும் அசதி, சிகரெட்டை விட்டவனுக்கும் அசதி. அங்கே பலித்தது இங்கே பலிக்காதா? (ஆனால், பின்னர் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய சோதனைகளில் கோகெய்னிலும் அந்த முதல் வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வின் பெரிய வெற்றியைக் கண்டு மயங்குவது பொருளியலாளர்களுக்கும் உள்ள நோய்தான்.)

நிகோடின் சோதனையின் அமைப்பு எளிமையானது. புகையை விட விரும்பி வந்த 157 பேர். அனைவருக்கும் சுருக்கமான ஆலோசனை உண்டு. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மோடாஃபினில், மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. எட்டு வாரங்கள்.

குலுக்கல் எதற்கு, வெற்று மாத்திரை எதற்கு என்பதை மாணவர்களுக்கு விளக்குவதுபோல் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இதில்தான் பல விளம்பரங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. ஒருவர் தாமே விரும்பி ஒரு மாத்திரையை வாங்கி உண்டு, புகையையும் விட்டுவிட்டார் என்றால், விடவைத்தது மாத்திரையா, அதை வாங்கத் தூண்டிய உறுதியா என்று பிரித்தறிய முடியாது. உறுதி மிக்கவர்களும் குறைந்தவர்களும் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகக் கலக்க வேண்டும். அதைச் செய்வது குலுக்கல். 'மருந்து உண்கிறேன்' என்ற நம்பிக்கையே சிலரைக் கரை சேர்த்துவிடும். அந்த நம்பிக்கையும் இரு பிரிவுக்கும் சமமாக வேண்டும். அதைச் செய்வது வெற்று மாத்திரை. இவ்விரண்டும் செய்த பிறகும் எஞ்சுகிற வேறுபாடுதான் மருந்தின் கணக்கில் வரவு வைக்கத் தக்கது.

'விட்டுவிட்டேன்' என்ற வாய்மொழியையும் இத்தகைய ஆய்வுகள் அப்படியே ஏற்பதில்லை. மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, உமிழ்நீரில் நிகோடின் சிதைந்து உருவாகும் கோட்டினின் எவ்வளவு என்பது போன்ற உடற்சோதனைகளால் சரிபார்ப்பார்கள். இந்தச் சோதனையிலும் உடற்சோதனையால் உறுதியான பிறகே, எட்டு வார முடிவில் அதற்கு முந்தைய ஏழு நாள்களும் புகைக்காதிருந்தவரை வெற்றி பெற்றவராகக் கொண்டார்கள்.

முடிவு என்ன? வெற்று மாத்திரை உண்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் அந்த நிலையை எட்டியிருந்தார்கள். மோடாஃபினில் உண்டவர்களில் எட்டியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். புள்ளியியல் கணக்குப்படி இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதே. ஆகவே மருந்து வெற்றி வாய்ப்பைக் குறைத்தது என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. கூட்டியது என்று சொல்லவோ துளியும் இடமில்லை. ஆனால் மற்ற இரண்டு முடிவுகள் தற்செயல் என்று ஒதுக்கக் கூடியவை அல்ல. மோடாஃபினில் உண்டவர்களிடம் மனத்துயரும், நிகோடினை விட்டதால் வரும் தொல்லைகளும் மற்றவர்களைவிட அதிகமாக ஏறின. முழுமையாக விட முடியாமல் போனவர்களை ஒப்பிட்டால், மோடாஃபினில் பிரிவினர் மற்றவர்களைவிட அதிக சிகரெட் புகைத்தார்கள்.

விழிப்பைத் தந்து விடுதலைக்கு உதவும் என்று எண்ணிய மாத்திரை, தொல்லையைக் கூட்டி, புகையையும் கூட்டியது. ஏன்?

உறுதியான விடை அந்தச் சோதனையில் இல்லை. என் துறையின் பாடம் ஒன்றைக் கொண்டு இதை எனக்கு நானே விளக்கிக்கொள்கிறேன். பண்டங்களுக்கு இடையே இரு வகை உறவு உண்டு. காப்பி கிடைக்காவிட்டால் தேநீர் குடிப்போம். இவை பதிலீட்டுப் பண்டங்கள். பேனா வாங்கினால் மையும் வாங்குவோம். இவை நிரப்புப் பண்டங்கள். பதிலீட்டுப் பண்டம் தாராளமாகக் கிடைத்தால் மற்றதன் நுகர்வு குறையும். நிரப்புப் பண்டம் தாராளமாகக் கிடைத்தால் மற்றதன் நுகர்வும் கூடும். நிகோடினும் விழிப்பு தருகிறது, மோடாஃபினிலும் விழிப்பு தருகிறது. எனவே ஒன்றுக்கு மற்றது பதிலீடு என்று கருதித்தான் சோதனை தொடங்கியது. முடிவைப் பார்த்தால் அவை நிரப்புப் பண்டங்களோ என்று ஐயம் எழுகிறது.

இந்த ஐயத்துக்கு வேறு சான்றுகளும் உண்டு. ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் புகைப்போர் அதிகமாகப் புகைக்கிறார்கள் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வகங்களில் கண்டறியப்பட்டது. கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்திலும் இதைக் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு தொலைவு போவானேன்? நம் தேநீர்க்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஒரு கையில் தம்ளர், மறு கையில் சிகரெட். தேநீர் சுறுசுறுப்பைத் தந்துவிட்டதே, சிகரெட் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நிகோடினை விட்டவனின் துன்பத்தில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அசதியும் மந்தமும். மற்றொன்று எரிச்சலும் பதற்றமும். முதல் இழையைக் குறிவைத்து மருந்து கொடுக்கும்போது இரண்டாம் இழை முறுக்கேறிவிடலாம். ஒரு துன்பத்தின் கண்ணுக்குத் தெரியும் கூறு ஒன்றைப் பிடித்து அதற்கு நேர் எதிரானதைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது, கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! விலைவாசி ஏறினால் விலைக்கு உச்சவரம்பு விதி என்பது போல. சரக்கு பதுங்கிவிடும் என்பது பிறகுதான் தெரியவருகிறது.

இந்த இடத்தில் அந்த ஆய்வாளர்கள் செய்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மோடாஃபினில் நிகோடின் அடிமைத்தனத்துக்கு உதவும் என்பதற்கு ஆதரவில்லை என்று எழுதி, முடிவை வெளியிட்டார்கள். இதில் என்ன சிறப்பு என்று தோன்றலாம். அதே 2008-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எரிக் டர்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிவான 74 சோதனைகளை அவர்கள் தேடி எடுத்தார்கள். மருந்துக்குச் சாதகமாக முடிந்தவை 38. அவற்றில் 37 இதழ்களில் வெளிவந்திருந்தன. சாதகமற்றவை அல்லது ஐயத்துக்கு இடமானவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவைபோல் எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளபடி வெளிவந்தவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் படித்த மருத்துவர் ஒருவர், ஏறத்தாழ எல்லாச் சோதனைகளும் வெற்றி என்று நம்பியிருப்பார். உண்மையில் பாதிதான் வெற்றி.

சந்தை தானாக விளைவிக்காத பொருள்களைப் 'பொதுப்பண்டம்' என்போம். கலங்கரை விளக்கம் பாடநூல் உதாரணம். 'இந்த வழியில் பாறை இருக்கிறது' என்ற செய்தியால் எல்லாக் கப்பலுக்கும் நன்மை. அதைச் சொல்பவனுக்கு வருவாய் இல்லை. 'இந்த மருந்து பயனில்லை' என்ற செய்தியும் அத்தகையதே. சொன்னவருக்குப் புகழும் குறைவு, பணமும் இல்லை. சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம் இதுதான். முன்கூட்டியே பதியாத சோதனைகளை வெளியிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2004-இல் அறிவித்தன. இந்தியாவில் 2007-இல் பதிவேடு தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பதிந்தால் போதுமா, முடிவை வெளியிட வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதில் எல்லா நாடுகளும் பின்தங்கித்தான் இருக்கின்றன.

மோடாஃபினிலைப் பொறுத்தவரை, 'பயனில்லை' என்று யாராவது சொல்ல வேண்டிய தேவை மிகுதியாகவே இருந்தது. அனுமதி பெற்ற நோய்களுக்கு அப்பால் வேறு பலவற்றுக்கும் புரோவிஜிலையும் மேலும் இரு மருந்துகளையும் பரிந்துரைக்கும்படி மருத்துவர்களிடம் விளம்பரப்படுத்தினார்கள் என்ற வழக்கில், செஃபலான் நிறுவனம் 2008 செப்டம்பரில் 42.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பாக, கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இதே மருந்தை வேறு பெயரில் விற்க முயன்று, கடுமையான தோல் எதிர்விளைவு பற்றிய அச்சத்தால் 2006-இல் அனுமதி மறுக்கப்பட்டது. சந்தையை விரிக்க இவ்வளவு முனைந்த காலத்தில், 'புகையை விடவும் இது உதவுமாமே' என்ற பேச்சு சான்றில்லாமலே பரவியிருந்தால் வியப்பதற்கில்லை.

இன்னொரு கதையும் உண்டு. புரோவிஜிலின் காப்புரிமை, மருந்துத் துகள்களின் பருமன் குறித்த ஒரு பலவீனமான காப்புரிமையைச் சார்ந்திருந்தது. மலிவான நகல் மருந்தைக் கொண்டுவர நான்கு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. இந்தியாவின் ரான்பாக்சியும் அவற்றில் ஒன்று. 2005-06-இல் செஃபலான் அந்த நால்வருடனும் வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. மொத்தத்தில் 30 கோடி டாலருக்கு மேல் அவர்களுக்குப் போயிற்று. பதிலுக்கு அவர்கள் 2012 வரை சந்தைக்கு வருவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். போட்டியாளருக்குப் பணம் கொடுத்துப் போட்டியிட வேண்டாம் என்று சொல்வது! 2008-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2011-இல் பிலடெல்பியா கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் காப்புரிமையே செல்லாது என்றது. செஃபலானை வாங்கிவிட்ட டெவா நிறுவனம், 2015-இல் 120 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்தச் சோதனை நடந்த பல்கலைக்கழகமும் அதே பிலடெல்பியாவில்தான் இருக்கிறது. ஒரே ஊரில் ஓரிடத்தில் இந்த மருந்தால் என்ன பயன் என்று 157 பேரிடம் பொறுமையாகக் கேட்டார்கள். இன்னோரிடத்தில் அதே மருந்தின் விலை இத்தனை காலம் ஏன் குறையவில்லை என்று விசாரித்தார்கள்.

ஒரு மருந்தைச் சோதிக்க யாருக்கு ஆர்வம் இருக்கும் என்பதைக் காப்புரிமை தீர்மானிக்கிறது. புகையை விட உதவும் மருந்துகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மனச்சோர்வு மருந்தான புப்ரோபியான் புகையை விடவும் உதவும் என்பது, கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய லிண்டா ஃபெர்ரி என்ற மருத்துவரின் சிறிய ஆய்வுகளில் தொடங்கியது. காப்புரிமை கையிலிருந்த நிறுவனம் அதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது. 615 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குப் பின் வெற்று மாத்திரைப் பிரிவில் 12.4 விழுக்காட்டினரும், 300 மில்லிகிராம் மருந்து உண்ட பிரிவில் 23.1 விழுக்காட்டினரும் புகையின்றி இருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. நார்ட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தும் ஏறத்தாழ அதே அளவு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதன் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதற்காக விண்ணப்பித்து அனுமதி வாங்க எவருக்கும் ஆதாயமில்லை.

இதனினும் வியப்பானது சைட்டிசின். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூக்கும் லபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் விதையில் உள்ள பொருள் அது. நிகோடின் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, அரைகுறையாக அவற்றைத் தூண்டி, நிகோடினுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதுவே உண்மையான பதிலீட்டுப் பண்டம். பல்கேரியாவில் 1964 முதலே மாத்திரையாக விற்கப்படுகிறது, விலையும் மலிவு. ஆயினும், மேற்கு நாடுகளின் தரத்துக்கு ஏற்ற பெரிய சோதனை ஒன்று வெளிவர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலந்தின் வார்சாவில் 740 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், ஓராண்டுக்குப் பின் வெற்று மாத்திரைப் பிரிவில் 2.4 விழுக்காட்டினரும் சைட்டிசின் பிரிவில் 8.4 விழுக்காட்டினரும் புகையை விட்டிருந்தார்கள். 2014-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் நிகோடின் பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட இது மேலானதாகத் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில், சைட்டிசினின் வடிவத்தைத் தழுவி உருவாக்கிய வரெனிக்ளின் என்ற புதிய மூலக்கூறு காப்புரிமையோடு பிறந்து, சோதிக்கப்பட்டு, 2006-இலேயே அமெரிக்க அனுமதியும் பெற்றுவிட்டது. நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் மூலப்பொருள் நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் இருந்தது. சோதிக்க ஆள் இல்லை.

வார்சா விழுக்காடுகளையும் பிலடெல்பியா விழுக்காடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து வாசகர்கள் குழம்பக் கூடாது. 2.4 எங்கே, நாற்பதுக்கு மேல் எங்கே? பிலடெல்பியாவில் கேட்டது எட்டாவது வார முடிவில், கடைசி ஏழு நாள்களைப் பற்றி. வார்சாவில் கேட்டது ஓராண்டு தொடர்ந்து விட்டிருந்தார்களா என்று. இடையில் உள்ள பத்து மாதங்களில் நேரும் சரிவுதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான வலிமை. 'எட்டு வாரத்தில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்' என்று எந்த விளம்பரமாவது சொன்னால், ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

பிலடெல்பியா சோதனையில் பலரும் கவனிக்காத ஒன்று, வெற்று மாத்திரைப் பிரிவு. ஒன்றுமில்லாத மாத்திரையை உண்டவர்களில் ஐந்தில் இரண்டு பேர் எட்டாவது வாரத்தில் புகையின்றி இருந்தார்களே, எப்படி? தாமே விட விரும்பி வந்தவர்கள் என்பது ஒரு காரணம். அவர்களுக்கும் ஆலோசனை கிடைத்தது. யாரோ ஒருவர் குறித்த நாளில் எதிரே அமர்ந்து, எந்த நாளில் நிறுத்தப் போகிறீர்கள், எந்த நேரத்தில் ஆசை எழுகிறது என்று கேட்டார். அதனால் மட்டுமே அவ்வளவு பேர் விட்டார்கள் என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. ஆலோசனை இல்லாத பிரிவு அதில் இல்லை. ஆனால் ஆலோசனை உதவும் என்பதற்கு வேறு ஆய்வுகள் ஏராளம்.

நம் நாட்டுக்கு இதில் என்ன? 2016-17-இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 விழுக்காடு, மெல்லும், அடக்கும் வகையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. சிகரெட் பிடிப்போரைவிட பீடி பிடிப்போர் அதிகம். அமெரிக்காவில் சோதித்த மருந்து, நம் பீடித் தொழிலாளிக்கும் அப்படியே பொருந்துமா என்பதைத் தனியே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நிகோடின் சூயிங்கம், பட்டை போன்ற நிகோடின் மாற்றுச் சிகிச்சை 2022-இல் நம் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. காலம் தாழ்ந்தாலும் நல்ல முடிவு.

மோடாஃபினில் நம் ஊர் மருந்துக்கடைகளுக்குப் புதியதன்று. தேர்வுக்காக விழித்துப் படிக்கும் மாணவர்களும், இரவுப்பணி இளைஞர்களும் மருத்துவச்சீட்டு இல்லாமலே இதைத் தேடுகிறார்கள் என்று ஆசிரியர் நண்பர்கள் கவலையோடு சொல்கிறார்கள். அத்தகைய இளைஞர் ஒருவர் புகைப்பவராகவும் இருந்தால், விட முயலும் நாள்களில் அந்த மந்தத்தைப் போக்க இதை எடுத்துக்கொள்வோம் என்று நினைப்பது மிக எளிது. நானே அந்த வயதில் இருந்து, இந்த மாத்திரையும் கைக்கு எட்டியிருந்தால், விடைத்தாள் கட்டுக்கு முன் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர்களுக்குத்தான் அந்த 157 பேரின் எட்டு வாரங்கள் பயன்பட வேண்டும். இது கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும் என்பதையும், அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்விளைவை உண்டாக்கும் என்பதையும் சீட்டு இல்லாமல் விற்பவர் சொல்லப் போவதில்லை.

பயன் இருப்பதாகத் தெரிந்தவை வேறு இருக்கின்றன: நிகோடின் சூயிங்கம், பட்டை, மருத்துவர் பரிந்துரைத்தால் புப்ரோபியான், வரெனிக்ளின், இவற்றோடு ஆலோசனை. இந்திய அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் இந்த எண் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் பெருவாரியானோர் வாங்குவது ஒன்று, இரண்டு என உதிரியாக. அன்று நான் வாங்கியதும் உதிரிதான். பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது, எண்ணோடு சேர்த்து.